டாவின்சி ரிசொல்வ் இலவசப் பதிப்பு: எதிர் நிறங்களால் கதை சொல்ல இது போதுமா?

கொழும்பில் குறும்படம், பாடல் காணொளி, கல்யாண வீடியோ செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலருடைய மடிக்கணினியில் டாவின்சி ரிசொல்வ் என்ற, காணொளியை வெட்டி ஒட்டி நிறம் திருத்தும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதில் நடப்பது பெரும்பாலும் வெட்டுவதும் ஒட்டுவதும்தான். கடைசியில் இணையத்தில் இறக்கிய ஒரு லட்டை (LUT, நிறத்தை ஒரே அடியாக மாற்றும் ஆயத்தக் கோப்பு) எல்லா ஷொட்டுக்கும் ஒரே மாதிரிப் போட்டுவிட்டு, நிறம் முடிந்தது என்று ஏற்றிவிடுகிறார்கள். இந்த மென்பொருளின் உயிரே நிறம் திருத்தும் திரையான நிறப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், இங்கே அதை மட்டும் பார்க்கிறோம். கேள்வி ஒன்றே: ஒரு காட்சிக்குள் மஞ்சள்-நீலம் போன்ற இரண்டு எதிர் நிறங்களை நிறுத்தி, அவற்றின் இழுபறியால் உணர்ச்சியைச் சொல்ல விரும்புபவருக்கு, காசில்லாமல் கிடைக்கும் பதிப்பு எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

வெகுதூரம் வரும். நிற்கும் இடங்களும் சில உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் படப்பிடிப்பிலேயே சுற்றிப் போய்விடலாம்.

முதலில் விலை. டாவின்சி ஒருகாலத்தில் லட்சக்கணக்கான டொலருக்கு விற்ற கருவி. பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே எட்டியது. 2009ல் அவுஸ்திரேலியாவின் பிளக்மஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகுதான் இலவசப் பதிப்பு வந்தது. ஸ்டூடியோ என்ற கட்டணப் பதிப்பு 295 டொலர்; ஒரு தடவை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஒரு டொலரை 300 ரூபாவாக வைத்தால் 88,500 ரூபா ஆகிறது. தொழில் தொடங்கும் ஒருவருக்கு அது சின்னக் காசில்லை. இலவசப் பதிப்பில் 3840க்கு 2160 அளவு வரை, நொடிக்கு 60 பிரேம் வரை வெளியே எடுக்கலாம். நேர வரம்பு கிடையாது, ஸ்டூடியோவுக்கான கருவிகளைத் தொடாதவரை படத்தின் மேல் முத்திரை விழாது, விற்பனைக்கு எடுத்தாலும் தடையில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். எதிர் நிறம் வேலை செய்ய வேண்டுமானால் ஒரே பிரேமின் இரண்டு இடங்கள் இரண்டு திசைக்குப் போக வேண்டும். போன் செயலிகளின் பில்டர்கள் பிரேம் முழுவதையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. நீல பில்டர் போட்டால் முகம், சுவர், விளக்குச் சுடர் எல்லாமே நீலப்படும். பார்ப்பவரின் கண் சில நொடியில் அந்த நீலத்துக்குப் பழகி, அதைச் சாதாரண வெள்ளையாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு அங்கே சோகமும் இல்லை, குளிரும் இல்லை. நீலம் நீலமாகத் தெரிய, அதே பிரேமில் ஒரு சிறு மஞ்சள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த மஞ்சளைத் தனியாகப் பிடித்துக் காப்பாற்றும் கருவிகள்தான் ரிசொல்வின் பலம்: ஒரு நிறத்தை மட்டும் தெரிவுசெய்யும் குவாலிஃபையர், ஓர் இடத்தை மட்டும் வட்டமிடும் பவர் விண்டோ, அந்த வட்டத்தை ஆளோடு நகர்த்தும் டிராக்கர், நிறம் நிறமாகத் திருத்தும் ஹியூ வளைவுகள், திருத்தங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் மிக்சர். இத்தனையும் இலவசப் பதிப்பில் முழுமையாக இருக்கின்றன.

எந்த நிறத்தை எதற்கு எதிரே வைப்பது என்பதை மென்பொருள் சொல்லித் தராது. வெளிநாட்டுப் பாடக் காணொளிகள் சொல்லும் பட்டியலை அப்படியே எடுப்பது பிழை. அங்கே வெள்ளை கல்யாணத்தின் நிறம். எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலைக்கு வேறு கதை உண்டு; கொழும்பில் ஒரு தெருவில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அங்கே செத்த வீடு என்று யாரும் சொல்லாமலே தெரியும். கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு எங்களுக்கு மங்கலம். அதே சிவப்பை வெறுமையான சாம்பல் நிற அறையில் ஒரு கதிரையின் மேல் மடித்து வைத்தால், வசனம் ஒன்றும் இல்லாமலே ஒரு கல்யாணம் குழம்பியது புரிந்துவிடும். நெய்தலுக்கு எற்பாட்டையும் இரங்கலையும் சேர்த்து வைத்த மரபு எங்களுடையது: சூரியன் சாயும் நேரம், கடற்கரை, ஏக்கம். வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்துக்கு அப்பால் செம்மஞ்சள் மங்கி நீலம் ஏறும் அந்த வேளை, எதிர் நிறத்தை இயற்கையே போட்டுத் தரும் வேளை. அதை விட்டுவிட்டு வேறு ஊரின் நீல-ஆரஞ்சு லட்டைத் தேடிப் போகத் தேவையில்லை.

அந்த வேளை குறுகியது. கொழும்பில் ஆண்டு முழுவதும் 5.50க்கும் 6.30க்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது; மறைந்த பிறகு நல்ல நீலம் நிற்பது ஏறத்தாழ 20 நிமிடம்தான். நடிகரை நிறுத்திப் பார்ப்பது, போகஸ் பார்ப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கமராவில் செய்யாமல் விட்டால் ரிசொல்வில் எளிதில் மீட்க முடியாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று வைற் பலன்ஸ், அதாவது எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்று கமராவுக்குச் சொல்லும் அளவு. ஓட்டோவில் விட்டால், பிரேமுக்குள் விளக்கு வந்ததும் கமரா தானாக மாற்றிக்கொள்ளும். ஷொட்டின் நடுவில் நிறம் நகர்வதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் 4300க்குக் கையால் பூட்டிவிடுங்கள். மஞ்சள் குமிழ் 3000 அளவிலும், வீடுகளில் பெரும்பாலும் எரிகிற வெள்ளை ரியூப் லைற் 6500 அளவிலும் இருக்கும். நடுவில் பூட்டினால் ஒன்று இளஞ்சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் கமராவிலேயே பிரிந்து பதியும்.

மற்றது ஷட்டர். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற்றும் மலிவான எல்.ஈ.டி.யும் நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டர் 1/50 அல்லது 1/100ல் இருந்தால் தப்பலாம். சினிமாத்தனம் வேண்டும் என்று 24 பிரேமுக்கும் 1/48க்கும் போனால், பின்சுவரில் மெல்லிய பட்டைகள் ஊர ஆரம்பிக்கும். அந்தப் பட்டைகள் வெளிச்சத்தில் மட்டும் இல்லை, நிறத்திலும் ஓடும். சுவரை நீலமாகத் தள்ளத் தள்ள அவை இன்னும் தெரியும். 25 பிரேமில் எடுப்பதே இந்த ஊருக்குச் சரி. ரிசொல்வில் புதுப் புரொஜெக்ட் திறந்த உடனேயே டைம்லைன் பிரேம் ரேற்றை 25 ஆக்குங்கள். காட்சிகளை உள்ளே போட்ட பிறகு அந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

இப்போது ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு நிறப் பக்கம் எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பு, இரவு. கடுகு மஞ்சள் பருத்திச் சேலையில் அம்மா சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். பக்கத்தில் சாமி அறை விளக்கின் வெளிச்சம். பல்கனிக் கதவுக்கு வெளியே மகன், கையில் போன், பின்னால் கடல் பக்கத்து நீல இருள். இருவரும் ஒரே பிரேமில். ஆனால் இரண்டு உலகத்தில்.

ரிசொல்வில் ஒவ்வொரு திருத்தமும் நோட் (node) என்ற தனிப் பெட்டியில் இருக்கும். முதல் நோட்டில் வெளிச்சத்தையும் சமநிலையையும் மட்டும் தொடுங்கள். வெளிச்சத்தை வரைந்து காட்டும் வேவ்ஃபோமின் அளவு 0 முதல் 1023 வரை. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் விழும் கன்னம் 400க்கும் 500க்கும் இடையில் நின்றால் மாநிறம் மாநிறமாகவே தெரியும். பல கைநூல்கள் சொல்லும் 600, 700 எல்லாம் வெளிர்ந்த தோலுக்கான அளவு. அங்கே ஏற்றினால் எங்கள் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடும். முதன்மை நிறச் சக்கரங்கள் உள்ள பிரைமரீஸில் லம் மிக்ஸ் என்ற அளவு 100ல் இருப்பதை 0 ஆக்கிவிட்டு வேலை செய்வது நல்லது. இல்லாவிட்டால் நீலத்தைக் கூட்டும்போது மென்பொருள் தானாகவே மற்ற நிறங்களைச் சரிக்கட்டி வெளிச்சத்தைக் காக்கப் பார்க்கும். நீங்கள் தொட்டதற்கும் திரையில் நடப்பதற்கும் தொடர்பு விட்டுப்போகும்.

ஆல்ட் + எஸ் அழுத்தி இரண்டாவது நோட். இதில்தான் குளிர் ஏறுகிறது. லொக் சக்கரங்களில் இருட்டுப் பகுதிக்கான ஷடோவை மட்டும் பிடித்து நீலத்துக்கும் சயனுக்கும் இடையே மெதுவாக இழுங்கள். கண்ணை நம்பாதீர்கள், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே வரைந்து காட்டும் பரேட் ஸ்கோப்பைப் பாருங்கள்: இருட்டுப் பகுதியில் நீலத்தின் அடி சிவப்பின் அடியைவிட 30, 40 புள்ளி உயர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு நிறத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் முகங்களில் அதிகம் உறுத்தும் ஒரு கேடு உண்டு. ஷடோவில் நீலம் ஏறியதும் கறுப்புத் தலைமுடி நீலப்படும். பின்னலின் மடிப்புகளிலும் மீசையிலும் கண்மையிலும் ஒரு மைக்கறை படிந்ததுபோல இருக்கும். தலைமுடி பழுப்பாக இருக்கும் முகங்களில் இது இவ்வளவு உறுத்துவதில்லை. தீர்வு, வெளிச்சத்துக்கு ஏற்ப நிறச்செறிவைக் கூட்டிக் குறைக்கும் லம் வெர்சஸ் சாட் வளைவில் இருக்கிறது. இடது ஓரத்தில், அடியிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை உள்ள இருட்டில், நிறச்செறிவைக் கீழே இறக்குங்கள். அதற்கு மேலே வளைவு பழைய இடத்துக்குத் திரும்பட்டும். முடி கறுப்பாகத் திரும்பும், சுவரின் நீலம் அப்படியே நிற்கும். நிறச்செறிவை அடியில் அறுத்தால் கறுப்புக்கும் நல்ல ஆழம் வருகிறது. ரிசொல்வில் நாம் அதிகம் மதிக்கும் வளைவு இதுதான்.

மூன்றாவது வேலை அம்மாவின் முகத்தையும் கையையும் மீட்பது. இரண்டாவது நோட்டைத் தெரிவுசெய்து ஆல்ட் + எல் அழுத்தினால் கீழே ஒரு லேயர் நோட் வரும். அது குளிரூட்டிய நோட்டுக்கு முந்திய படத்தை எடுத்துக்கொள்ளும். லேயர் மிக்சரில் கீழே இருப்பதே மேலோங்கும். அந்தக் கீழ் நோட்டில் குவாலிஃபையரால் கன்னத்தைத் தொட்டு, ஷிப்ட் + எச் போட்டு எது பிடிபட்டது என்று பாருங்கள்.

பிடிபடக் கூடாதவையும் பிடிபட்டிருக்கும்: மரக் கதவு, பிரம்புக் கதிரை, கடுகு மஞ்சள் சேலையின் நிழல் மடிப்புகள். காரணம் எளிது. நிறத்தின் திசையையும் செறிவையும் வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் கோடு என்று ஒன்றை இயக்கிப் பார்த்தால், வெளிர் தோலும் கரும் தோலும் ஏறத்தாழ ஒரே கோட்டில், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில், கிடக்கும். மரமும் பிரம்பும் செங்கல்லும் அதே திசையில்தான். நிறத்தால் மட்டும் அவற்றைப் பிரிக்கவே முடியாது. எனவே முகத்தைச் சுற்றி ஒரு வட்டப் பவர் விண்டோ போட்டு, ஓரத்தைத் தாராளமாக மென்மையாக்கி, டிராக்கரை ஓட விடுங்கள். கைக்கு வேறொரு விண்டோ. குவாலிஃபையரின் தெரிவைத் துப்புரவாக்கும் கிளீன் பிளக், கிளீன் வைற் இரண்டையும் சிறிது கூட்டி, ப்ளர் ரேடியஸை ஓட்டைகள் மூடும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். மிகையானால் முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் படியும்.

சேலை இன்னும் தோலோடு ஒட்டித் தெரிந்தால் ஒரு நிறத்தை மட்டும் பக்கத்து நிறத்துக்கு நகர்த்தும் ஹியூ வெர்சஸ் ஹியூ வளைவில் மஞ்சளை மட்டும் சில பாகை தோல் கோட்டைவிட்டு விலக்கலாம். படப்பிடிப்புக்கு முன் உடை தெரிவு செய்கிறவர் நீங்களே என்றால், இந்த வேலையையே மிச்சம் பிடிக்கலாம்: மாநிறத்துக்குப் பக்கத்தில் கடுகு, பழுப்பு, செங்கல் நிறங்களை வைக்காமல் தூய மஞ்சளையோ அரக்கையோ வையுங்கள்.

நான்காவது நோட் துப்புரவுக்கு. எங்கள் வீடுகளில் மூன்றாவது நிறம் எங்கிருந்தாவது வந்துவிடும்: சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை, பச்சை வாளி, குளிர்பதனப் பெட்டியின் மேல் ஊதா விரிப்பு. இரண்டு நிறம் இழுபறிப்படும் பிரேமில் மூன்றாவது நிறம் அந்த இழுவையை அவிழ்த்துவிடும். ஒரு நிறத்தின் செறிவை மட்டும் மாற்றும் ஹியூ வெர்சஸ் சாட் வளைவில் பச்சையையும் ஊதாவையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அடியோடு சாம்பலாக்கினால் செயற்கை தெரியும். அவை அங்கே இருக்கட்டும், ஆனால் பேசாமல் இருக்கட்டும். 2020ல் 17ஆம் பதிப்போடு வந்த, நிறங்களை வலைபோலக் காட்டி இழுக்க விடும் கலர் வார்ப்பரிலும் இதைச் செய்யலாம்: தோலின் புள்ளிகளைப் பூட்டிவிட்டு மற்ற நிறங்களை நடுவுக்கு இழுப்பது கைப்பழக்கம் வந்தவருக்கு விரைவு. ஆனால் புதியவர் கையில் அந்த வலை எளிதில் முறுகி, முகத்தில் திட்டுத்திட்டாக நிறம் உடையும். பழகும்வரை வளைவுகளே நல்லது.

அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சளும் நீலமும் பாதிக்குப் பாதி இருந்தால் பிரேம் கொடிபோல இருக்கும், உணர்ச்சி வராது. எழுபதுக்கு முப்பது, சில இடத்தில் தொண்ணூறுக்குப் பத்து. அம்மாவின் மஞ்சள் அந்தப் பெரிய நீலத்துக்குள் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு தனிமை. கதை நகர்ந்து மகன் உள்ளே வந்து மேசையில் அமர்ந்தால், மஞ்சள் பரவும் பங்கை ஷொட்டுக்கு ஷொட்டுக் கூட்டுங்கள்.

வேலை முடிந்ததா என்று சோதிக்க எளிய வழி: கடைசியாக ஒரு நோட் சேர்த்து நிறச்செறிவை 50லிருந்து 0 ஆக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையிலும் அம்மா பின்னணியிலிருந்து பிரிந்து நின்றால் நிறம் நல்ல அத்திவாரத்தில் நிற்கிறது. சாம்பலோடு சாம்பலாகக் கலந்துவிட்டால் வெளிச்ச வேறுபாடு போதவில்லை. நிறம் மட்டும் அதைத் தாங்காது. குறிப்பாகச் சிவப்பு-பச்சை எதிர்ப்பில் இது முக்கியம். வாழை இலைக்கு முன்னால் கூறைச் சேலை கண்ணுக்குத் தீயாகத் தெரியும், ஆனால் இரண்டின் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிடலாம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவருக்கு அப்போது மணப்பெண் தோரணத்துக்குள் காணாமல் போய்விடுவார்.

நிறம் காலத்தோடு நகர வேண்டிய காட்சிகளுக்கு, மாற்றம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறிக்கும் கீஃபிரேம் ரிசொல்வில் உண்டு. ஒரு செய்தி போனில் வருகிறது, அறையின் சூடு மெல்ல வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமிக் கீஃபிரேம் இரண்டை 100 பிரேம் இடைவெளியில் வைத்தால் 4 நொடி. நிறச்செறிவு 50லிருந்து 38க்கு. வெப்பம் சிறிது கீழே. இதைவிட வேகமாகச் செய்தால் லைற் அணைந்ததுபோல இருக்கும். இதைவிட மெதுவாகச் செய்தால் கண் பழகிக்கொண்டே வந்து, மாற்றமே தெரியாது. கண்ணின் இந்தப் பழக்கத்தை உங்கள் பக்கம் வேலை வாங்கவும் முடியும்: நீளமான குளிர்ந்த காட்சியை அடுத்து வரும் வெட்டில் சாதாரண மஞ்சள் கூட மிகச் சூடாகத் தெரியும். அந்த ஷொட்டைத் தனியாகப் பார்த்துவிட்டு மஞ்சளைக் கூட்டாதீர்கள். முந்திய காட்சியோடு சேர்த்து ஓடவிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கதையில் இரண்டு காலம் அல்லது இரண்டு ஊர் இருந்தால், உதாரணமாக யாழ்ப்பாணத்து நினைவுக்கு ஒரு நிறம், கொழும்பு அன்றாடத்துக்கு அதன் எதிர் நிறம் என்றால், குரூப் வசதியைத் தவறவிடக் கூடாது. ஒரு காலத்தின் ஷொட்டுகளை எல்லாம் தெரிவுசெய்து ஒரு குரூப்பில் போடுங்கள். ஷொட்டுக்கு ஷொட் வேறுபடும் வெளிச்சத் திருத்தம் கிளிப் மட்டத்தில். அந்தக் காலத்துக்குரிய நிறம் குரூப் போஸ்ட்-கிளிப் மட்டத்தில். இயக்குநர் கடைசி நாளில் வந்து "நினைவுக் காட்சி இன்னும் மங்கலாக வேண்டும்" என்றால், ஒரு நோட்டைத் தொட்டால் எல்லா ஷொட்டும் மாறும். கலரி (Gallery) என்ற சேமிப்பில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு ஸ்டில் பிடித்து வைத்து, திரையைப் பிரித்துக் காட்டும் வைப் (wipe) போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

கல்யாண வீடியோக்காரருக்கு ஒரு தனிக் குறிப்பு. மண்டபங்களில் மணவறைக்குப் பின்னால் அடிக்கும் ஊதா, நீல எல்.ஈ.டி. ஒளி கமராவின் நீலச் சானலை உச்சிக்கு முட்டவைக்கும். அங்கே விவரம் ஒன்றும் மிஞ்சாது: கூறையின் சரிகை, மாலையின் பூ இதழ் எல்லாம் ஒரே ஊதாத் தட்டாகிவிடும். எக்ஸ்போஷரைக் கண்ணால் பார்க்காமல், ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமில் நீலம் வலது சுவரில் முட்டாதபடி குறைத்து எடுங்கள். ரிசொல்வில் செறிவு கூடிய நிறங்களைத் தனியாக அடக்கும் சாட் வெர்சஸ் சாட் வளைவின் வலது முனையை இறக்கினால், வெட்டி ஒட்டியதுபோல நிற்கும் அந்த ஊதா கொஞ்சம் அடங்கும். தொலைந்த சரிகையை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

இலவசப் பதிப்பு எங்கே நிற்கிறது? இருட்டுப் படத்தில் நெளியும் புள்ளிகளை அகற்றும் இரைச்சல் நீக்கம் ஸ்டூடியோவில் மட்டும். கடற்கரை இரவுக் காட்சியைக் கமராவின் ஒளியுணர்வை (ஐ.எஸ்.ஓ.) ஏற்றி எடுத்து, பிறகு நீலத்தைத் தள்ளினால், இருட்டில் நிறப்புள்ளிகள் நெளியும். அதை அடக்க இலவசத்தில் சரியான கருவி கிடையாது. ஆகவே இரவுக்கு ஒரு சிறு லைற்றைக் கூடக் கொண்டுபோவதே மருந்து. ஆளைத் தானாகப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மஜிக் மாஸ்க்கும், பழைய பிலிமின் துகள்களைச் சேர்க்கும் பிலிம் கிரெய்ன் எபெக்ட்டும் இல்லை. இவற்றை இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் குறுக்கே பெரிய முத்திரை விழும். கிரெய்னுக்கு மாற்று வழி உண்டு: சாம்பல் நிறக் கிரெய்ன் கிளிப் ஒன்றை மேல் டிராக்கில் வைத்து ஓவர்லே முறையில் கலந்து ஒளிபுகுதன்மையைக் குறையுங்கள். இது அழகுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. 8 பிட் காட்சியில் ஒரு சானலுக்கு 256 படிதான். மாலை வானத்தை நீலமாக இழுக்கும்போது அந்தப் படிகள் விலகிப் பட்டை பட்டையாகத் தெரியும். மெல்லிய கிரெய்ன் அந்த விளிம்புகளைக் கலைத்துவிடும்.

புதியவர்களை அதிகம் வாட்டுவது கோப்பு வகை. விண்டோஸ் இலவசப் பதிப்பில், புதிய போன்களும் கமராக்களும் எழுதும் 10 பிட் எச்.265 என்ற அமுக்கிய காணொளிக் கோப்புகள் தொல்லை தரும்: ஒலி வரும், படம் வராது. மக்கில் இது குறைவு. லினக்ஸ் இலவசப் பதிப்பில் எச்.264 கூடத் திறக்காது. ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவியால் டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எச்.க்யூ.எக்ஸ். வகைக்கு மாற்றிவிட்டு உள்ளே போட்டால் நிறத்தின் ஆழம் கெடாது. 1080 அளவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி இடம் பிடிக்கும் என்பதால் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். போன் காட்சியில் பிரேம் வேகம் ஏறி இறங்கும் சிக்கலையும் அதே மாற்றத்தில் 25க்குப் பூட்டிவிடலாம். கணினியைப் பொறுத்தவரை 16 ஜிபி ரேமும் 4 ஜிபி நினைவுள்ள தனி கிராபிக்ஸ் அட்டையும் இருந்தால் மேலே சொன்ன நாலைந்து நோட்டுகள் 1080ல் தடங்கலின்றி ஓடும். அதற்குக் குறைந்த இயந்திரத்தில் படத்தைச் சிறிதாக்கி ஓட்டும் டைம்லைன் ப்ரொக்சியைப் பாதியாக வைத்து வேலை செய்யலாம்.

மெனுக்கள் தமிழில் இல்லை. பயிற்சி நூலையும் பயிற்சிக் காட்சிகளையும் நிறுவனமே இலவசமாகத் தருகிறது; நிறப் பக்கத்துக்கென்று தனி நூலே உண்டு, ஆனால் ஆங்கிலத்தில். ஐபாட் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. நிறப் பக்கம் அதிலும் உண்டு.

வேலை செய்யும் அறையின் வெளிச்சம் இந்த மென்பொருளின் ஒரு பாகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் குமிழின் கீழ் இருந்து நிறம் பார்த்தால் கண் அதற்கு ஈடுகட்டி, நீலத்தை மிகையாக ஏற்றிவிடுவீர்கள். விண்டோஸின் நைற் லைற்றை அணையுங்கள்; திரையை எஸ்.ஆர்.ஜி.பி. நிலையில் வையுங்கள். முடித்த பிறகு போனில் பார்க்காமல் அனுப்பாதீர்கள், ஏனெனில் பார்ப்பவர் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார். சாம்சங் போன்களில் திரை நிலை விவிட் என்றிருந்தால் சிவப்பும் பச்சையும் கொதிக்கும். நச்சுரல் நிலையிலும் விவிட் நிலையிலும் இரண்டு தடவை பாருங்கள். விவிட்டில் அம்மாவின் முகம் செங்கல்லாகிவிட்டால் தோலின் செறிவை இன்னும் ஒரு படி இறக்க இடமிருக்கிறது.

வெளியே எடுக்கும்போது எச்.264, 1080க்கு 20,000 கிலோபிட் வேகம் கொடுங்கள். யூடியூப் 1080க்குக் கேட்பது 8 மெகாபிட்தான். ஆனால் அது மறுபடி அமுக்கும், கூடக் கொடுத்தால் மிஞ்சுவதும் கூடும். அமுக்கத்தில் முதலில் அடிபடுவது நிறத்தின் விளிம்பு. 4:2:0 முறையில் நிறத் தகவல் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதியாகத்தான் பதிகிறது. வெளிச்சம் மட்டுமே முழு நுணுக்கத்தில் இருக்கும். நீலச் சுவருக்கு முன் செறிந்த சிவப்புச் சேலையின் தோள் விளிம்பு படிக்கட்டாக உடைவது இதனால்தான். சிவப்பைச் சற்று இருட்டாக்கி, சுவரைச் சற்று வெளிச்சமாக்கினால் விளிம்பை வெளிச்ச வேறுபாடே தாங்கும். மக்கில் செய்பவர்கள் ஏற்றிய காணொளி வெளிறித் தெரிந்தால் வெளியே எடுக்கும் டெலிவர் பக்கத்தில், கோப்பின் வெளிச்சக் குறியீடான காமா டாக்கை ரெக்.709-ஏ ஆக மாற்றிப் பார்க்கலாம்.

ஸ்டூடியோ வாங்க வேண்டுமா? குறும்படமும் பாடலும் செய்பவர் வாங்கத் தேவையில்லை. அந்தக் காசில் நல்ல லைற் இரண்டும் அவற்றின் முன் மாட்டும் நிறத் தாள்களும் வாங்கினால் படத்தில் எதிர் நிறம் இன்னும் நன்றாக வரும். இரவு நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு என்று வெளிச்சம் உங்கள் கையில் இல்லாத வேலையே மாதம் முழுக்கச் செய்பவருக்கு இரைச்சல் நீக்கம் ஒன்றே விலைக்கு ஈடு. 10 பிட் எச்.265 எழுதும் கமரா வைத்திருந்து, ஒவ்வொரு வேலைக்கும் கோப்பு மாற்றி மாற்றியே இரவு போகிறவருக்கும் வாங்குவது நியாயம். ஒரு திறவுகோலால் இரண்டு கணினியில் இயக்கலாம் என்பதால், ஒன்றாக வேலை செய்யும் இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 45,000 ரூபாவுக்குள் முடிந்துவிடும்.